மிஞ்சியிருக்கும் காலையும் காப்பாற்ற வேண்டும்

“போன கால் போயிட்டுது, அது இப்ப பெரிசா நோகிறேல்ல தங்கச்சி. இருக்கிற இந்தக் கால்தான் இரவில நித்திரை கொள்ள விடுதில்லை.”

வன்னியில் உள்ள ஒரு வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்கு வெளியே, வாங்கில் இருந்தபடி ஓர் அக்கா என்னிடம் சொன்னார். 2009 இல் ஷெல் வீச்சில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தபோது அவருக்கு 22 வயது. இப்போது நாற்பதை நெருங்குகிறார். வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் பிடித்துப் பிடித்துத்தான் நடக்க முடிகிறது. உள்ளே இருபது நிமிடச் சிகிச்சை. வாரத்துக்கு இரண்டு தரம் வரச் சொன்னார்கள். “ரெண்டு நாள் இஞ்ச வந்தால் கூலிக்கு எப்ப போறது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இருக்கவில்லை.

போரில் காயப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது செயற்கைக் கால், சக்கர நாற்காலி, ஊன்றுகோல் என்பவற்றோடு பேச்சை முடித்துவிடுகிறோம். ஆனால் காயம் 2009 மே மாதத்தோடு நின்றுவிடவில்லை. ஒரு காலை இழந்தவர் தன்னை அறியாமலே மற்றக் காலில் கூடுதல் பாரத்தைப் போடுகிறார். பல ஆண்டுகள் அப்படி நடக்கும்போது அந்த முழங்காலும் இடுப்பும் முதுகும் வயதுக்கு முன்னரே தேயத் தொடங்குகின்றன. எலும்பு உடைந்து கோணலாகப் பொருந்தியவர்களுக்கும், மூட்டுக்குள் சன்னமோ ஷெல் துண்டோ பாய்ந்தவர்களுக்கும் இதே நிலைதான். அறுபது வயதில் வரவேண்டிய மூட்டு வாதம் நாற்பதில் வருகிறது.

செயற்கைக் காலும் ஒருமுறை போட்டு முடிகிற பொருள் அல்ல. மொட்டைக் காலின் பருமன் மாறும்போது குழியும் மாற்றப்பட வேண்டும். பொருந்தாத காலோடு நொண்டி நடப்பது நல்ல காலைத்தான் கெடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் செயற்கை உறுப்பு நிலையம் போன்றவை பெரும் பணி செய்திருக்கின்றன. ஆனால் போர் முடிந்த முதல் சில ஆண்டுகளில் வன்னிக்கு வந்த தொண்டு நிறுவனங்களில் பல, திட்டக் காலம் முடியத் திரும்பிவிட்டன. காயமடைந்தவர்களின் உடல் தேயத் தொடங்கியது அவை போன பிறகுதான்.

அந்த இடைவெளியை வலிக்குளிசை நிரப்பியிருக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமலே பார்மசியில் டைக்குளோபெனாக் வாங்கி, வேலைக்குப் போகும் நாளில் எல்லாம் ஒன்றைப் போட்டுக்கொள்பவர்களை நான் சந்தித்த இடமெல்லாம் கண்டேன். அது வலியை மறைக்கும், மூட்டைத் திருத்தாது. நீண்டகாலம் எடுத்தால் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்துக்குச் சேதத்தையும் உண்டாக்கக்கூடியது. காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் ஏற்கனவே வவுனியா வரை பரவியிருக்கும் ஒரு பிரதேசத்தில் இதைச் சாதாரண விடயமாக எடுக்க முடியாது.

மூட்டுத் தேய்வுக்கு உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது உடற்பயிற்சிதான். “நோகுது, ஆடாமல் இருப்பம்” என்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். ஆனால் அசையாத காலில் தொடைத் தசை மெலிகிறது, தசை தாங்கவேண்டிய பாரம் மூட்டில் விழுகிறது, வலி இன்னும் கூடுகிறது. அந்த அக்காவுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி எளிமையானது. கதிரையில் இருந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்க வேண்டும். அப்படிப் பத்துத் தரம். பயிற்சியின்போது சிறிது நோகலாம். மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். மூட்டு சிவந்து சுட்டாலோ, காய்ச்சலோடு வீங்கினாலோ பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் போக வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம்.

இங்கேதான் சிக்கல். குளிசை அன்றைக்கே வேலை செய்யும். பயிற்சிக்கு மாதங்கள் வேண்டும், அதைச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் குந்து மலசலகூடமும் நிலத்தில் அடுப்பும் இருக்க, “குந்தாதேங்கோ” என்று சொல்லி அனுப்புவதால் பயனில்லை. கச்சான் பிடுங்குவதும் களை எடுப்பதும் குந்தியிருந்து செய்யும் வேலைகள். குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்தும் பெண்ணுக்கு ஓய்வு என்பது வருமான இழப்பு.

நெதர்லாந்தின் உதவியோடு மாங்குளம் வைத்தியசாலையில் கட்டப்பட்ட மருத்துவப் புனர்வாழ்வு நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. நல்ல விடயம். ஆனால் முல்லைத்தீவு நகரில் இருந்தே மாங்குளத்துக்குச் சுமார் 50 கிலோமீற்றர். உள்ளூர் கிராமங்களில் இருந்து இரண்டு பஸ் ஏற வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் சுகாதாரத் துறையினர் பலர் நாட்டை விட்டுப் போயிருக்கும் நிலையில், கட்டடத்தை விட ஆளணிதான் பெரிய கேள்வி. கேட்பதற்கு மாகாண சபை இருக்கிறதா என்றால், வடக்கில் 2018 ஒக்டோபருக்குப் பின் தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லை.

இன்னொரு தடையும் உண்டு. “புனர்வாழ்வு” என்ற சொல். போருக்குப் பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அந்தப் பெயரில்தான் தடுத்து வைக்கப்பட்டனர். காயத்தோடு வாழ்பவர்களில் ஒரு பகுதியினர் அவர்கள். “எங்க காயப்பட்டனீங்கள், எப்ப?” என்று கிளினிக்கில் கேட்டாலே, அது வேறு எங்கோ போய்ச் சேருமோ என்று வாய் மூடிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். முறையான காய வரலாறு இல்லாமல் முறையான சிகிச்சை இல்லை. மருத்துவப் பதிவுகள் பாதுகாப்புத் தரப்பின் கைக்குப் போகாது என்ற உறுதி இல்லாதவரை இந்தப் பயம் போகாது.

குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 இல் 7,500 இலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதில் வாரம் இருமுறை பஸ் காசும் இரண்டு நாள் கூலியும் கழித்தால் மிஞ்சுவது என்ன? 2018 இன் 34 ஆம் இலக்கச் சட்டம் இழப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. ஒரு தடவை கொடுக்கும் பணம், ஆண்டுதோறும் வளரும் சேதத்துக்கு ஈடாகாது. வாழ்நாள் முழுவதற்குமான சிகிச்சையும் இழப்பீட்டின் ஒரு பகுதி என்று நாம் கேட்க வேண்டும். மாதம் இருமுறையாவது பிரதேச வைத்தியசாலைகளுக்கு இயன்மருத்துவர் வரும் நடமாடும் கிளினிக், பயணக் கொடுப்பனவு, இருந்து பாவிக்கும் மலசலகூடம், உயர்த்திய அடுப்பு. இவை பெரிய செலவுகள் அல்ல.

அந்த அக்கா அடுத்த கிழமை வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன். கச்சான் பிடுங்கும் காலமாம். பயிற்சியை மட்டும் விடவில்லை என்றார். “விடிய எழும்பி, பிள்ளை பள்ளிக்கூடம் போக முதல் பத்துத் தரம் நீட்டி மடக்கிறன். சரியாச் செய்யிறனோ எண்டு பாக்கத்தான் ஆளில்லை.”