எபிரேய இலக்கணமும் நம் ஞானோபதேச வகுப்பும்

புதுவை நகரத்துக் கிறிஸ்தவப் பள்ளிகளில் பயிலும் நம் உப்பளத்துப் பிள்ளைகள், கத்தோலிக்கர் ஞானோபதேசத்திற்கும் ஏனையோர் நீதிபோதனைக்குமாக இரு கூட்டமாகப் பிரிந்து செல்வதும், பரீட்சை நெருங்கும் மாதங்களில் அந்த மணியைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வதும், அதுபற்றிப் பெற்றோர் எவரும் ஆட்சேபிக்காமல் இருப்பதும் சகஜமாகிவிட்டன. பறிபோனாலும் ஒருவரும் வருந்தாத பாடத்தை யாரும் பாடமாகவே மதிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். சமயக் கல்வியையும் பொதுக் கல்வியையும் உயர்நிலைப் பள்ளியில் இணைப்பதில் நெடுங்காலம் பிரயாசைப்பட்டவர்கள் யூதர்கள்; அவர்களுடைய அனுபவம் நமக்கு உபயோகமானது.

1853இல் பிராங்க்பர்ட்டில் சாம்சன் ரபேல் ஹிர்ஷ் என்ற ரபீ, அதாவது யூத மதகுரு, தொடங்கிய பள்ளியும், 1916இல் பெர்னார்டு ரெவெலின் தலைமையில் நியூயார்க்கில் எழுந்த உயர்நிலைப் பள்ளியும், வேதம் கற்றவன் விஞ்ஞானத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை என்ற நம்பிக்கையில் பிறந்தவை. நியூயார்க்கில் முற்பகல் தால்முத்து, பிற்பகல் கணிதமும் பிறவும். மூலவாக்கியம் நடுவில் நிற்க, ராஷி முதலிய உரைகாரர்கள் இருமருங்கும் சூழ்ந்து ஒருவர் கருத்தை ஒருவர் மறுத்துச் செல்லும் நூலாகிய தால்முத்தைப் பயில்பவன் மனப்பாடத்தோடு நின்றுவிட முடியாது. கூட்டாளிக்கு எதிரே உட்கார்ந்து, கேள்வியும் சமாதானமுமாகத் தர்க்கித்தே தீர வேண்டும். அந்தப் பயிற்சி பெற்றவன் பிற்பகலில் க்ஷேத்திர கணிதத்தின் நிரூபணத்தைக் கண்டு மலைக்கமாட்டான். பள்ளி நாள் நீண்டு, பிள்ளை களைத்துப்போவது இதன் விலை. அதை மறைப்பது நியாயமன்று.

நம் தேசத்தில் இதற்குச் சிறந்த உதாரணம் பம்பாய். கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’ என்று பெயர் பெற்ற பெனே இஸ்ரேல் சமூகத்தார், அனுஷ்டானங்களைக் காத்தும் எபிரேய மொழியறிவைப் பெரும்பாலும் இழந்திருந்தார்கள். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் வில்சன் 1832இல் அவர்களுக்காக மராத்தியில் எபிரேய இலக்கணம் எழுதினார். அவர் நாடியது மதமாற்றம். சமூகத்தாரோ இலக்கணத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு தம் மதத்திலேயே நிலைத்தார்கள். பின்னர் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் 1875இல் பம்பாயில் நிறுவிய பள்ளியில் எபிரேயமும் பொதுப் பாடங்களும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. ஜோசப் எசக்கியேல் ராஜ்புர்கர் எபிரேயப் பிரார்த்தனை நூல்களை மராத்தியில் பெயர்த்ததோடு, பம்பாய் சர்வகலாசாலையின் எபிரேயப் பரீட்சகராகவும் விளங்கினார். சமய நூலின் மொழி சர்வகலாசாலைப் பரீட்சைக்கு உரிய பாடமாகியபடியால், அதைத் திருத்தமாகக் கற்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது இந்த அம்சத்தையே.

1948க்குப் பின் நம் தேசத்து யூதர்கள் பெருவாரியாக இஸ்ரேலுக்கும் பிற தேசங்களுக்கும் குடிபெயர்ந்தபடியால், அவர்களுடைய பள்ளிகளில் பிறரே மிகுந்தனர். கல்கத்தாவில் 1881இல் தோன்றிய யூதப் பெண்கள் பள்ளியில் இன்று பயில்வோர் பெரும்பாலும் முஸ்லிம் சிறுமியர்.

மதபோதனையே பள்ளிக்கு வேண்டாம் என்பாரும் உளர். பாரிஸில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஸ்ரீ அன்னை, 1943இல் இந்தப் புதுவையிலேயே தொடங்கிய அரவிந்த ஆசிரமப் பள்ளியில் எந்த மதத்தின் போதனைக்கும் இடம் வைக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 28ஆம் ஷரத்தும், அரசாங்க அங்கீகாரமோ மானியமோ பெறும் பள்ளியில், மைனர் பிள்ளையாயின் காப்பாளரின் சம்மதமின்றி, எவரையும் மதபோதனைக்கு நிர்ப்பந்திக்கலாகாது என்கிறது. அது நல்ல வேலி; ஆயினும் சமய நூலை இலக்கியமாகப் பயில்வதை அது தடுக்கவில்லை.

1844 முதல் பெத்தி செமினார் பள்ளி நடந்துவரும் நகரம் இது. வீரமாமுனிவரின் கிறிஸ்தவக் காப்பியமாகிய தேம்பாவணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறியதும் இந்நகரத்து மிஷன் அச்சகத்தில்தான். ஆகையால் ஞானோபதேசத்தை விசுவாசிகளுக்கே விட்டுவிட்டு, தேம்பாவணியின் ஒரு படலத்தையும், அதன் பக்கத்தில் கம்பனின் ஒரு படலத்தையும், சீறாப்புராணத்தின் ஒரு படலத்தையும் வைத்து, தமிழ் கற்ற ஆசிரியர் ஒருவரைக் கொண்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டு நடத்தி, மற்றப் பாடங்களைப் போலவே பரீட்சையும் வைக்க வேண்டும் என்று நம் பள்ளி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மணியை எந்த மாதத்திலும் வேறு பாடத்துக்குக் கொடுக்கலாகாது.