மெஷின் நம்முடையது, அதன் டேட்டா யாருடையது?

புது கார் மாடல் ஒன்று வருகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரொடக்ஷன் லைனில் அது எங்கேயும் இடிக்காமல் போகுமா? இதைச் சோதிக்க பிஎம்டபிள்யூ நிறுவனம் முன்பெல்லாம் வார இறுதிகளில் காரைக் கையாலேயே மெல்ல நகர்த்திக்கொண்டு போகும். பெயிண்ட் ஷாப்பில் பாடியை முக்கியெடுக்கும் தொட்டிகளைக்கூடக் காலி செய்து கழுவ வேண்டும். கிட்டத்தட்ட நான்கு வார வேலை. இப்போது கம்ப்யூட்டருக்குள்ளேயே மூன்று நாளில் முடித்துவிடுகிறோம் என்கிறது அந்நிறுவனம்.

இதற்குப் பெயர்தான் ‘டிஜிட்டல் ட்வின்’. அதாவது, தொழிற்சாலையின் இரட்டைப் பிறவி. வெறும் 3டி படம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். மெஷின்களில் உள்ள சென்சார்கள் வெப்பம், அதிர்வு, வேகம் என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். நிஜத்தில் ஒன்று மாறினால் நகலிலும் மாறும். நகலில் செய்து பார்த்துவிட்டு நிஜத்தில் கை வைக்கலாம். ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகரில் பிஎம்டபிள்யூ கட்டிய ஆலையில் நிஜ கார் உற்பத்தி தொடங்கியது 2025 இறுதியில். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அதன் இரட்டையில் ‘உற்பத்தி’ 2023 மார்ச்சிலேயே ஆரம்பமாகிவிட்டது!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்த இரட்டைக்குச் சாப்பாடு டேட்டா. பல நிறுவனங்களின் மெஷின்கள் பல பாஷை பேசும். அதையெல்லாம் சேர்த்து, சுத்தப்படுத்தி, ஒரே இடத்தில் வைப்பது டேட்டா பிளாட்ஃபார்மின் வேலை. இதில் பெரிய கைகளே சுட்டுக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக், ‘பிரெடிக்ஸ்’ என்ற பிளாட்ஃபார்மை நம்பி, 2020-க்குள் உலகின் டாப் 10 சாஃப்ட்வேர் நிறுவனங்களில் ஒன்றாகிவிடலாம் என்று கோடிகோடியாகக் கொட்டியது. நடக்கவில்லை. விமான இன்ஜினுக்கும் பிஸ்கட் பேக்கிங் லைனுக்கும் ஒரே சட்டை பொருந்தாது, இல்லையா?

அதைவிடப் பெரிய கேள்வி, அந்த டேட்டா யார் கையில் இருக்கிறது என்பது. கடன் வாங்கி சிஎன்சி மெஷின் போடுகிறார் ஒரு பட்டறைக்காரர். அதன் அதிர்வுக் கணக்கு மெஷின் விற்ற நிறுவனத்தின் கிளவுடுக்குப் போகிறது. பேரிங் எப்போது தேயும் என்று அவருக்கு முன்பே விற்றவருக்குத் தெரியும். வெளி மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால், காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. 2025 செப்டம்பர் 12 முதல் அமலில் உள்ள ‘டேட்டா ஆக்ட்’, இணையத்தோடு இணைந்த மெஷினைப் பயன்படுத்துபவருக்கு, அது உருவாக்கும் டேட்டாவைப் பெறவும், தான் விரும்பும் வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லவும் உரிமை தருகிறது.

நம்மூரில்? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர்களின் தகவலைப் பற்றியது. லேத்தின் அதிர்வு அதில் வராது. மிஞ்சுவது காண்ட்ராக்ட் மட்டும்தான். பெரிய நிறுவனத்துக்கு அதைப் படிக்க வக்கீல் இருக்கிறார். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு யார் இருக்கிறார்? ஸ்மார்ட் உற்பத்தி என்று பேசும் அரசு, இந்த உரிமையையும் சட்டமாக்க வேண்டும். அதுவரை, கொள்முதல் பொறுப்பில் நீங்கள் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்: ஒப்பந்தம் முடிந்த மறுநாள், பழைய டேட்டாவை நமக்கு எந்த ஃபார்மேட்டில் தருவீங்க?