49 வாக்கும் ஐந்தாண்டுப் பதவியும்

2016 சட்டமன்றத் தேர்தலில் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தொகுதியில் அதிமுகவின் ஐ.எஸ். இன்பதுரை 69,590 வாக்குகளும் திமுகவின் மு. அப்பாவு 69,541 வாக்குகளும் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. வித்தியாசம் 49. செல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகளில் 203, ஒரே காரணத்துக்காக ஒதுக்கப்பட்டவை: உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பமிட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அவர் கெசட்டட் அதிகாரி அல்ல என்றார்கள். அந்த 203 பேர் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், 49ஐவிட 203 பெரிய எண் என்பதைச் சொல்லக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

தபால் வாக்கு எப்படி எண்ணப்படுகிறது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். தேர்தல் பணிக்குப் போகும் அரசு ஊழியர் வாக்குச்சீட்டைச் சிறிய உறைக்குள் வைத்து ஒட்டுகிறார். அந்த உறையையும் 13ஏ எனும் உறுதிமொழிப் படிவத்தையும் பெரிய உறையில் போட்டு ஒப்படைக்கிறார். எண்ணும் மேசையில் முதலில் பெரிய உறையைப் பிரிப்பார்கள். படிவத்தில் குறை தெரிந்தால் சிறிய உறையைத் தொடவே மாட்டார்கள். நிராகரிப்புக் கட்டில் சேர்த்துவிடுவார்கள். வாக்குச்சாவடியில் மற்றவர்கள் வாக்கைப் பத்திரப்படுத்தப் போன ஊழியரின் சொந்த வாக்கு, பிரிக்கப்படாமலேயே கட்டுக்குள் போய்விடுகிறது.

அப்பாவு சென்னை உயர் நீதிமன்றம் போனார். தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லும், தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணி முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றம் தன் ஆயுளை முடித்துக்கொண்டு 2021இல் கலையும்வரை எண்ணிக்கை வெளியே வரவில்லை. அடுத்த தேர்தலில் அப்பாவு அதே தொகுதியில் வென்று பேரவைத் தலைவரும் ஆகிவிட்டார். 2016இல் ராதாபுரம் மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி மட்டும் ஐந்தாண்டும் நீதிமன்றக் கட்டில் கிடந்தது.

இது திமுக, அதிமுக விவகாரம் அல்ல. குஜராத்தில் தோல்கா தொகுதியில் 2017இல் பாஜகவின் பூபேந்திரசிங் சூடாசமா 327 வாக்கில் வென்றார். அங்கே ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகள் 429. அந்த வெற்றி செல்லாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் தீர்ப்பளித்தது. மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்குத் தடை கொடுத்தது. சட்ட அமைச்சராக இருந்தவர் அமைச்சராகவே தொடர்ந்தார்.

தோற்ற கட்சி கூச்சல் போடுவது வழக்கம்தானே, எல்லாவற்றுக்கும் தேர்தல் ஆணையம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றவர்கூட இயந்திரத்தின் மேல் பழிபோடும் காலம் இது. அந்தப் பேச்சுக்கு ஆதாரம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் வித்தியாசம் 49, 48 என்று நிற்கும்போது சந்தேகப்படச் சதிக் கற்பனை எதுவும் வேண்டியதில்லை. ஒரு படிவத்தில் எண் மாறினால் போதும். ஹரியாணாவின் பானிபத் மாவட்டத்தில் புவானா லாக்கு என்ற ஊரில் 2022 நவம்பரில் நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தலில் அறிவிக்கப்பட்ட முடிவு தவறு என்பது, 2025 ஆகஸ்டில் அந்த வாக்கு இயந்திரங்களை உச்ச நீதிமன்றத்துக்கே வரவழைத்து எண்ணிய பிறகு தெரிந்தது. 51 வாக்கு அதிகம் பெற்றவர் ஏறத்தாழ மூன்று ஆண்டு பதவிக்கு வெளியே நின்றிருந்தார். இயந்திரத்தில் பதிந்த எண் அப்படியே இருந்தது. அதை அறிவித்த மனிதர்கள்தான் தவறினார்கள்.

அங்கே நடத்தியது மாநிலத் தேர்தல் ஆணையம், இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல. வாக்காளருக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? முடிவு வந்த 45 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கறார். ஒரு நாள் தவறினாலும் மனு விழும். ஆனால், வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று நீதிமன்றத்துக்குச் சொல்லும் 86ஆம் பிரிவை மீறினால் கேட்பாரில்லை. வழக்காடுபவருக்குக் கெடு, வழக்கைக் கேட்பவருக்கு வேண்டுகோள். விரைவாக முடிக்க முடியாது என்பதும் இல்லை: 2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்கில் 48 வாக்கில் வந்த முடிவை எதிர்த்த மனுவை மும்பை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு பிடிக்கிறதோ இல்லையோ, பதில் வந்துவிட்டது.

இந்தியத் தேர்தல் ஆணையம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒதுக்கிய தபால் வாக்குகளைவிட வெற்றி வித்தியாசம் குறைந்தால், அவற்றை மறுபடி சரிபார்த்த பிறகே முடிவை அறிவிக்க வேண்டும் என்ற அறிவுறுத்தல் இப்போது இருக்கிறது. நல்லது. ஆனால் ஒதுக்கிய அதே அலுவலர்தான் மறுபடியும் பார்க்கிறார். மறு எண்ணிக்கையோ, தேர்தல் நடத்துவதற்கான விதி 63இன்படி, வேட்பாளர் எழுதிக் கேட்டு, தேர்தல் நடத்தும் அலுவலர் மனம் வைத்தால்தான். இரவு பதினொரு மணிக்கு, வெளியே வென்றவர் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த மனுவை அமைதியாகப் படித்துக் காரணம் எழுதும் அலுவலர் எத்தனை பேர்?

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வித்தியாசம் அரை சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் யாரும் கேட்காமலே மறுபடி எண்ணுகிறார்கள். இங்கும் அப்படியொரு வரம்பை விதியிலேயே எழுத வேண்டும். ஒதுக்கிய தபால் வாக்கு ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதி முகவரிடம் கொடுக்க வேண்டும். சரிபார்ப்பது வேறு அலுவலராக இருக்க வேண்டும். ஆறு மாதக் கெடுவைக் கட்டாயமாக்கச் சட்டத் திருத்தம் வேண்டும், அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டும். விதிகளுக்கு அதுகூட வேண்டாம். ஆணையத்தைக் கலந்து மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டால் முடிந்தது. அது எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம்: ஹரியாணா சட்டமன்றத் தேர்தலின் வீடியோ பதிவுகளைத் தரும்படி பஞ்சாப், ஹரியாணா உயர் நீதிமன்றம் 2024 டிசம்பர் 9 அன்று உத்தரவிட்டபோது, அத்தகைய பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிட முடியாதபடி விதி 93 அதே மாதம் 20ஆம் தேதியே திருத்தப்பட்டது.