மீன் தொட்டியில் சுறா வளர்த்தால் ஜெயிலா? சட்டம் என்ன சொல்லுது?

கலர் மீன் கடையில் 'ஷார்க்' என்று சொல்லி வாங்கிய மீனால் கேஸ் வருமா? பெரும்பாலும் வராது. ஏன்னா, அது சுறாவே கிடையாது! 'பாலா ஷார்க்', 'ரெட் டெயில் ஷார்க்' இரண்டும் கெண்டைக் குடும்பம். 'இரிடசென்ட் ஷார்க்' கெளுத்தி வகை. வளர்ந்தால் 1 மீட்டரைத் தாண்டும் என்பதைத்தான் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நிஜ சுறா என்றால் கதையே வேற. இந்தியாவில் எல்லாச் சுறாவுக்கும் தடை இல்லை. புட்டுக்கு மார்க்கெட்டிலேயே சுறா விற்கிறார்களே. ஆனால் திமிங்கலச் சுறா, பாண்டிச்சேரி சுறா, கங்கைச் சுறா போன்ற சில இனங்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. குட்டியாக இருந்தாலும் சரி, பிடித்து வைத்திருந்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது ரூ.25,000 அபராதம்.

உப்புநீர்த் தொட்டிப் பிரியர்கள் தேடும் 'பிளாக்டிப் ரீஃப்' சுறா இந்த அட்டவணையில் இல்லை. அதற்காக ஈஸியாக வாங்கிவிடவும் முடியாது. அதன் குடும்பம் முழுவதையும் 2022-ல் 'சைட்ஸ்' சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க, அனுப்பும் நாட்டின் அனுமதிப் பத்திரம் கட்டாயம். பில்லில் வெறும் 'ஷார்க்' என்று எழுதினால் வாங்காதீங்க. அறிவியல் பெயரைக் கேளுங்க.