காரைக்குடி பார்க்கட்டும் எங்கள் கரியை

மதிப்பிற்குரிய முனைவர் ந. கலைச்செல்வி அவர்களுக்கு,
தலைமை இயக்குநர், அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் (சி.எஸ்.ஐ.ஆர்.), புதுதில்லி.

1942-இல் தொடங்கிய சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் தலைமைக்கு 2022 ஆகஸ்டில் நீங்கள் வந்தபோது, அந்தப் பொறுப்பேற்ற முதல் பெண் என்று நாடே பேசியது. நீங்கள் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் (சிக்ரி) இயக்குநராக இருந்தவர், மின்கலத்துக்கான மின்வாய்ப் பொருள்களை ஆராய்ந்தவர் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நான் எழுதுவது கரியைப் பற்றி.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி பக்கம் வந்தால் எங்கும் சீமைக்கருவேல்தான். குண்டாற்றுப் படுகையில், கண்மாய்க்குள், தரிசில் எல்லாம் அதே மரம். வானம் பொய்க்கும் ஆண்டுகளில் பருத்தியும் கொத்தமல்லியும் கைவிட்ட குடும்பங்களுக்குக் கரிமூட்டம்தான் கஞ்சி ஊற்றுகிறது.

மூட்டம் போட விறகை அடுக்கி, இலைதழை பரப்பி, ஈரமண் பூசி மூடுவார்கள். நெருப்பு வைத்தபின் நாள்கணக்கில் கண் அயர முடியாது. ஓரிடத்தில் மண் உள்வாங்கினாலும் காற்று புகுந்து மூட்டமே சாம்பலாகிவிடும். உடனே மண்ணை அள்ளிப் போட்டு அடைக்க வேண்டும். வெள்ளைப் புகை மெலிந்து நீலம் பூத்தால் வெந்துவிட்டது என்று கணக்கு. பிரித்து, ஆறவைத்து, சலித்துத் தரம் பிரிப்பார்கள். மரத்தின் தூரிலிருந்து எடுக்கும் தூர்க்கரிக்கு நல்ல விலை. தூளுக்கோ, ஊதுபத்திக்காகக் கொள்முதல் செய்பவர் சொல்வதுதான் விலை. புகையோ இலவசம்; அதை மூட்டத்தடியில் நிற்பவர்கள் நெஞ்சில் வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்தக் கரிக்கும் மின்கலத்துக்கும் என்ன தொடர்பு என்றால், சோடியம் அயனி மின்கலத்தின் மீது இன்று உலகமே கண் வைத்திருக்கிறது. லித்தியம் மின்கலத்தில் பயன்படும் கிராஃபைட்டுக்குள் சோடியம் சரிவர நுழைவதில்லை. ஒழுங்கற்ற அடுக்குகள் கொண்ட கடினக் கார்பனுக்குள் நுழைகிறது. தேங்காய்ச் சிரட்டை போன்ற தாவரப் பொருள்களிலிருந்து அந்தக் கார்பனைத் தயாரிக்கிறார்கள். அப்படியானால் சீமைக்கருவேலிலிருந்து முடியுமா? எங்கள் மூட்டக்கரியை அப்படியே மின்கலத்தில் வைக்க முடியாதென்று அறிவேன். மண்ணும் சாம்பலும் கலந்த கரி அது. கழுவிச் சுத்தம் செய்து, காற்றுப் புகாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் மறுபடி சுட வேண்டும். அதன் பிறகும் கட்டுபடியாகுமா என்பதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

இந்த மரத்தை வளர்க்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கண்மாயை மீட்க அதை அகற்றியே ஆக வேண்டும். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. சில மாதங்களில் இடைக்காலத் தடையும் வந்தது. சட்டத்தைவிடக் கூலிதான் பெரிய தடை. மேலோடு வெட்டினால் துளிர்த்துவிடும். தூரோடு பிடுங்கினால்தான் ஒழியும். பிடுங்கும் செலவு யார் கையிலிருந்து? கரிக்குக் கூடுதல் விலை கிடைத்தால் அந்தக் கூலியைக் கரியே கொடுக்கும். கண்மாயிலிருந்து அகற்றிய மரத்துக்கு மட்டும்தான் அந்த விலை என்று அரசு விதி வைத்துவிட்டால், ஆசைப்பட்டு யாரும் வளர்க்கவும் மாட்டார்கள்.

ஆராய்ச்சியைக் கிராமத்துக்குக் கொண்டுவர உங்கள் அமைப்பால் முடியும் என்பதற்கு ஜம்மு சாட்சி. பதர்வா மலைப்பகுதியில் மக்காச்சோளம் விதைத்து வந்த சிறு விவசாயிகளை, நறுமணத் திட்டத்தின் மூலம் லாவெண்டர் பயிரிட வைத்தது ஜம்முவிலுள்ள உங்கள் ஆய்வகம்தான். நாற்று கொடுத்ததோடு நிற்காமல், எண்ணெய் வடிக்கும் கலனையும் ஊருக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதனால்தான் அது நிலைத்தது. கண்காட்சி நடத்தி, துண்டறிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தால் நிலைத்திருக்குமா?

காரைக்குடி எங்களுக்குப் பட்ட கடனும் ஒன்று உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த சிக்ரி இந்த வறண்ட சீமைக்கு வந்தது. திருச்சுழியின் எல்லையைத் தாண்டினால் சிவகங்கை மாவட்டம். சிக்ரி இருப்பது அங்கேதான். சி.எஸ்.ஐ.ஆரின் 37 ஆய்வகங்களில் எங்களுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

ஆகவே மூன்று வேண்டுகோள். எங்கள் தூர்க்கரியையும் தூளையும் சிக்ரி சோதித்துப் பார்க்கட்டும். புகையை அடக்கி, கரியின் தரத்தையும் ஒரே சீராக்கும் உலை ஒன்றை உங்கள் பொறியாளர்கள் இங்கேயே மூட்டம் போடுபவர்களோடு சேர்ந்து வடிவமைக்கட்டும். முடிவு எதுவானாலும், 'தேறாது' என்றே வந்தாலும், காரணத்தோடு தமிழில் இரண்டு பக்கம் எழுதி ஊராட்சிகளுக்கு அனுப்புங்கள். தேறாது என்று தெரிந்தால் வேறு வழி பார்ப்போம். தெரியாமல் காத்திருப்பதுதான் வீண்.

மாதிரிக்கு வேண்டிய கரியைக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் பொறுப்பு. காரைக்குடியில் யாரிடம் ஒப்படைப்பது என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
திருச்சுழி வட்டத்து மானாவாரி விவசாயி ஒருவன்