250 புள்ளிப் போட்டிகளை ஒழித்துவிடாதீர்கள்

டென்னிஸ் ஆண்டு ஜனவரி முதல் வாரத்தில் சூடுபிடிக்கிறது. மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் தொடங்கும் முன்பே பிரிஸ்பேனில் ஆண்களுக்கும் பெண்களுக்கும், ஹாங்காங்கில் ஆண்களுக்கும், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பெண்களுக்கும் போட்டிகள் நடக்கும். நாடுகள் மோதும் யுனைடெட் கோப்பையும் அதே நாட்களில்தான். இந்த வாரத்தைப் பற்றி வரும் முன்னோட்டங்கள் ஆண்டுதோறும் ஒரே மாதிரி இருக்கின்றன: சபலென்கா எப்படி ஆடுவார், ஜோகோவிச் முழு உடல் தகுதியுடன் இருக்கிறாரா, பட்டம் யாருக்கு? மெல்போர்னுக்கு முந்தைய வெள்ளோட்டம் என்பதற்கு மேல் இந்த வாரத்துக்கு மதிப்பில்லை என்று நினைக்கும் எழுத்து இது. டென்னிஸ் நிர்வாகமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. அதனால்தான் சாம்பியனுக்கு 250 தரவரிசைப் புள்ளி தரும் சிறிய போட்டிகளைக் குறைத்து, 1000 புள்ளிப் போட்டிகளைப் பெருக்கும் வேலை நடக்கிறது. இது டென்னிஸுக்குக் கேடு. இந்தியா போன்ற நாடுகளுக்கு இன்னும் பெரிய கேடு.

2025-இன் முதல் வாரத்தையே எடுத்துக்கொள்வோம். பிரிஸ்பேனில் எல்லோரும் எதிர்பார்த்தது ஜோகோவிச்சை. கால் இறுதியில் அவரை வீழ்த்தியவர், காயங்களால் நெடுங்காலம் ஒதுங்கியிருந்து அப்போது தரவரிசையில் 293-ஆம் இடத்தில் இருந்த அமெரிக்கர் ரைலி ஓபல்கா. இறுதிப் போட்டி வரை வந்து, லெஹெச்காவுக்கு எதிராக முதுகுவலியால் பாதியில் விலகினார். பெண்கள் பிரிவில் 107-ஆம் இடத்தில் இருந்த போலினா குதெர்மெதோவா தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து இறுதிப் போட்டியில் சபலென்காவிடம் முதல் செட்டைப் பறித்தார். ஹாங்காங்கில் நடந்தது இதையெல்லாம் மிஞ்சியது. பிரெஞ்சு வீரர் அலெக்சாந்தர் முல்லர் ஐந்து ஆட்டங்களிலும் முதல் செட்டை இழந்தார். ஐந்திலும் மீண்டு வந்து வென்றார். இறுதியில் நிஷிகோரியிடம் 2-6 என்று முதல் செட்டை விட்டுவிட்டு அடுத்த இரண்டை 6-1, 6-3 என்று எடுத்தார். குடலைத் தாக்கும் கிரோன் நோயுடன் சிறுவயதிலிருந்தே வாழும் அவருக்கு 27 வயதில் கிடைத்த முதல் ஏடிபி (ஆண்கள் தொழில்முறைச் சுற்று) பட்டம் அது. அந்த வார முன்னோட்டங்களில் இந்த மூவரையும் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

இவற்றை எதிர்பாராத அதிர்ச்சிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. போட்டியின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. 250 போட்டியில் ஒற்றையர் முக்கியச் சுற்றில் ஆடுவது பெரும்பாலும் 28 அல்லது 32 பேர். அவர்களில் சிலர் தகுதிச் சுற்றில் வென்று வருபவர்கள். சிலர் போட்டி நடத்துவோர் கொடுக்கும் வைல்டு கார்டில் வருபவர்கள். ஆண்கள் 250 போட்டியில் கால் இறுதியை எட்டினாலே 50 புள்ளி. சேலஞ்சர் 50 என்ற கீழ்நிலைப் போட்டியில் அதே 50 புள்ளி வேண்டுமென்றால் பட்டத்தையே வெல்ல வேண்டும். கிராண்ட்ஸ்லாமின் 128 இடங்களில் 104 தரவரிசைப்படி நேரடியாக நிரம்புகின்றன. ஆக, நூறாவது இடத்துக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதுதான் ஒரு வீரரின் ஆண்டு வருமானத்தை, பயிற்சியாளரைக் கூடவே அழைத்துச் செல்ல முடியுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்ட ஓரிரு நல்ல வாரங்கள் போதும். அந்த வாரங்களைத் தருபவை 250 போட்டிகள்தான்.

சீசன் மிக நீளம், ஆட்டக்காரர்கள் களைத்துப் போகிறார்கள், எனவே சின்னப் போட்டிகளைத்தான் வெட்ட வேண்டும் என்று ஒரு வாதம் வைக்கப்படுகிறது. களைப்பு உண்மை, அல்கராஸும் ஸ்வியாடெக்கும் அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் களைப்பு எங்கிருந்து வருகிறது? முன்னணி வீரர் எவரையும் 250 போட்டியில் ஆடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. கட்டாயம் எல்லாம் மேல்நிலைப் போட்டிகளில்தான். ஆண்களின் ஒன்பது 1000 புள்ளிப் போட்டிகளில் மான்டி கார்லோ, பாரிஸ் தவிர மற்ற ஏழும் இன்று 12 நாள் நடக்கின்றன. கனடாவும் சின்சினாட்டியும் 2025-இல்தான் அப்படி நீட்டப்பட்டன. போதாதென்று சவூதி அரேபியாவில் பத்தாவதாக ஒன்று வரப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். ஒருபக்கம் நாட்காட்டியை நீட்டிக்கொண்டே, சுமையைக் குறைக்கிறோம் என்று அட்லாண்டா, நியூபோர்ட் 250 போட்டிகளைச் சுற்றிலிருந்து எடுப்பதில் என்ன நியாயம்? நியூபோர்ட், லியாண்டர் பயஸ் 1998-இல் தன் ஒரே ஏடிபி ஒற்றையர் பட்டத்தை வென்ற இடம். 2025-இல் அது சேலஞ்சர் நிலைக்கு இறங்கிவிட்டது.

இன்னொரு வாதம் பணத்தைப் பற்றியது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பல 250 போட்டிகளில் வாரநாள் பகலில் இருக்கைகள் காலியாகத்தான் கிடக்கின்றன. பெரிய பெயர் ஒன்று கடைசி நேரத்தில் விலகினால் விளம்பரதாரர் முகம் சுளிப்பார். நட்டத்தில் ஓடும் எல்லாப் போட்டிகளையும் தாங்கிப் பிடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே கண்டத்தில் ஒரே வாரத்தில் இரண்டு நடந்தால் ஒன்றை நிறுத்தலாம். ஆனால் 1000 புள்ளிப் போட்டிகளில் கொட்டும் வருவாயில் ஒரு பங்கைக் கீழே இறக்கிவிட வேண்டியது சுற்றை நடத்துபவர்களின் பொறுப்பு. மேல்தட்டுக்கு ஆள் அனுப்புவதே கீழ்த்தட்டுதான். 2014 ஜனவரியில் சென்னையில் பட்டம் வென்ற வாவ்ரிங்கா அதே மாதம் மெல்போர்னில் நடாலை வீழ்த்தித் தன் முதல் கிராண்ட்ஸ்லாமை எடுத்தார் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சென்னையின் அனுபவம் இந்த வாதத்துக்கு நேரடிச் சான்று. 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் ஏடிபி போட்டி நடந்தது, பெரும்பாலான ஆண்டுகளில் இதே ஜனவரித் தொடக்கத்தில். பயஸும் பூபதியும் ஜோடியாக முதல் பட்டம் வென்றது 1997-இல் அங்கேதான். 2009-இல் தரவரிசையில் இருநூறுக்கு வெளியே இருந்த சோம்தேவ் தேவ்வர்மன் வைல்டு கார்டில் உள்ளே வந்து, அங்கே இரண்டு முறை சாம்பியனான மோயாவைத் தோற்கடித்து இறுதிப் போட்டி வரை போனார். சொந்த மண்ணில் போட்டி இல்லையென்றால் அந்த வைல்டு கார்டை யார் கொடுத்திருப்பார்கள்? பிறகு போட்டி புனேவுக்குப் போனது, 2023-உடன் அங்கும் முடிந்தது. அடுத்த ஆண்டு அதே முதல் வாரத்தில் போட்டி நடந்தது ஹாங்காங்கில். இந்தியாவில் இன்று ஆண்களுக்கான ஏடிபி சுற்றுப் போட்டி ஒன்றுகூட இல்லை.

பெண்களுக்காவது கதவு திறந்தது. 2022 செப்டம்பரில் தமிழக அரசின் உதவியோடு சென்னையில் நடந்த டபிள்யூடிஏ (பெண்கள் தொழில்முறைச் சுற்று) 250 போட்டியில் செக் நாட்டின் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா பட்டம் வென்றார். வைல்டு கார்டில் வந்த கர்மன் கௌர் தண்டி அந்தப் போட்டியின் எட்டாம் தரநிலை வீராங்கனையை வீழ்த்தினார். மூன்றாண்டு இடைவெளிக்குப் பின் 2025-இல் போட்டி திரும்பியபோது வென்றவர் இந்தோனேசியாவின் ஜானிஸ் ட்ஜென். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் முதல் நூறுக்கு வெகுதூரம் வெளியே இருந்தவர், செப்டம்பரில் சாவ் பாலோ 250 போட்டியில் இறுதி வரை வந்து, பிறகு சென்னையில் கோப்பையைத் தூக்கினார். இந்தோனேசியாவுக்கு 2002-க்குப் பின் கிடைத்த முதல் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம் அது. டென்னிஸில் பெரிய பணமில்லாத ஒரு நாட்டின் பெண் மேலே வர இரண்டு சின்னப் போட்டிகள் கைகொடுத்தன. அடுத்து அப்படி வருபவர் கோயம்புத்தூரிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ வர வேண்டுமானால், சென்னை ஓபன் மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தாளியாக இருக்கக் கூடாது. அரசும் தமிழ்நாடு டென்னிஸ் சங்கமும் அதை ஆண்டுதோறும் நடத்த நிலையான நிதி ஏற்பாட்டை இப்போதே அறிவிக்க வேண்டும்.