டேஷ்கேம் வாங்குமுன் வீட்டில் பேச வேண்டியது

சென்ற ஆண்டு ஒரு வலீமா விருந்தை முடித்துக்கொண்டு மதுரையிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தோம். பரமக்குடியில் மஃரிப் தொழுதுவிட்டு இராமநாதபுரம் நோக்கிப் புறப்பட்ட சற்று நேரத்தில், இடப்பக்கக் கிளைச்சாலையிலிருந்து ஏறிய இருசக்கர வாகனம் எங்கள் காரின் முன்பக்கத்தில் மோதியது. அதை ஓட்டி வந்த இளைஞரின் வலது கால் முறிந்தது. 108 ஆம்புலன்ஸ் வந்தது; கூட்டம் கூடியது; பின்னர் காவல் நிலையம். காரை ஓட்டியவர் எங்கள் மச்சான். அவருடன் வாப்பா, ராத்தா, நாம் என வயது வந்தோர் நால்வர் காரில் இருந்தோம். நால்வரும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னோம்: அந்தத் தம்பி விளக்குப் போடாமல் வந்தார்.

அன்றிரவு பதினொரு மணிக்கு டேஷ்கேமிலிருந்த மெமரி கார்டை எடுத்துக் கணினியில் போட்டுப் பார்த்தோம். கிளைச்சாலையில் விளக்கு தெரிந்தது. மோதுவதற்கு ஏறக்குறைய நான்கு வினாடி முன்பிருந்தே அது தெரிந்துகொண்டிருந்தது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு நம் நாட்டில் விற்பனைக்கு வரும் இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானாகவே எரியும் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ‘அறுபதில்தான் வந்தேன்’ என்று மச்சான் சொல்லியிருந்தார். திரையின் ஓரத்தில் 78 என்று இருந்தது. அதற்கும் மேலாக ஒலிப்பதிவு. கைப்பேசி மணி அடிக்கிறது. ‘யாருன்னு பாரு’ என்கிறார் மச்சான். அதன் பிறகே பிரேக் அழுத்தும் ஓசை.

நாங்கள் பொய் சொல்லவில்லை. இதைத் தற்காப்புக்காகச் சொல்லவில்லை, அச்சத்தோடுதான் சொல்கிறோம். நால்வரும் நம்பித்தான் அவ்வாறு கூறினோம். அதிர்ச்சியில் இருக்கும் மனம் தனக்கு வேண்டியதைக் கண்டதாகவே நினைத்துக்கொள்கிறது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் கேட்டு, அது அவருடைய நினைவாகவும் மாறிவிடுகிறது. அந்தத் தம்பியும் சந்திப்பில் நிற்காமல்தான் ஏறினார்; அதுவும் பதிவில் தெளிவாக உள்ளது. ஆயினும் விளக்கு எரிந்தது. நாங்கள் எரியவில்லை என்று சொல்லியிருந்தோம்.

அறையிலிருந்த உறவினர் ஒருவர், ‘இந்தக் கார்டு தொலைந்து போனால் யாருக்குத் தெரியப் போகிறது?’ என்றார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. அந்தக் கருவியை ஆறு மாதங்களுக்கு முன் நாங்கள் வாங்கியதே, யாரேனும் நம்மீது வீண்பழி சுமத்தினால் நம்மைக் காக்கும் என்பதற்காகத்தான்.

டேஷ்கேம் வாங்கும் எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ‘விபத்து என்றாலே பெரிய வண்டிக்காரன்மீதுதான் பழி, நம்மிடம் ஆதாரம் இருக்கட்டும்’ என்பதே காரணம். அது நியாயமான காரணம்தான். வேண்டுமென்றே காரின்முன் விழுந்து பணம் கேட்பவர்களும் உண்டு, தவறான திசையில் வந்து மோதிவிட்டுக் கூட்டத்தின் துணையோடு மிரட்டுபவர்களும் உண்டு. ஆகவே வாங்குவதைத் தடுக்க நாம் இதை எழுதவில்லை. வாங்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் சாட்சியைக் காரில் ஏற்றிக்கொள்ளும் நாள் அன்றே, அது நமக்கு எதிராகப் பேசினால் என்ன செய்வோம் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துவிட வேண்டும். விபத்து நடந்த இரவில் அந்த முடிவை எடுக்கக் கூடாது. அந்த இரவில் யாருக்கும் நிதானம் இருப்பதில்லை.

நீதிக்குச் சாட்சியாக நிற்கும்போது, அது நமக்கோ பெற்றோருக்கோ நெருங்கிய உறவினருக்கோ எதிராக இருந்தாலும் நிற்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் கட்டளை (4:135). எதிரே இருப்பவர் செல்வரா ஏழையா என்பதும் நம்மைச் சாய்த்துவிடக் கூடாது. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளமே பாவத்திற்குரியது என்று அல்பகராவும் எச்சரிக்கிறது (2:283). இவ்வசனங்களை எத்தனையோ ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். அவை நகத்தளவு மெமரி கார்டு வடிவில் நம் மேசைமீது வந்து கிடக்கும் என்று எண்ணியதில்லை. (டேஷ்கேமைக் கிராமன் காத்திபீனோடு ஒப்பிட்டு வாட்ஸ்அப்பில் சுற்றும் உரைகள் பல. வானவர்களுக்கு மெமரி கார்டு நிறைவதில்லை, கடிகாரம் பிழைப்பதில்லை. அந்த ஒப்புமையை நாம் விட்டுவிடுவோம்.)

இங்கே பொருளும் இருக்கிறது. விபத்தில் காயமுற்றவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடும்போது, அவருடைய கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம் என்று தீர்ப்பாயம் கருதினால் அந்த விகிதத்திற்கு ஏற்ப இழப்பீடு குறையும். விளக்கின்றி வந்தார் என்று நால்வர் சொல்லும் சொல் அங்கே சும்மா போய்விடாது. காலை முறித்துக்கொண்டு, மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கும் ஒருவரின் பணத்தில் அது கை வைக்கும். மறுபக்கம் நம் நிலை என்ன? மூன்றாம் நபர் காப்பீடும் ஓட்டுநர் உரிமமும் செல்லுபடியாக இருந்தால் இழப்பீட்டைச் செலுத்துவது காப்பீட்டு நிறுவனமே. குற்ற வழக்கு வேறு. அது ஓட்டியவரின் தலைமேல்தான் இருக்கும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 ஆகிய பிரிவுகள் இலேசானவை அல்ல. ஆனால் ‘உண்மையைச் சொன்னால் குடும்பமே அழிந்துவிடும்’ என்று அந்த இரவில் எங்கள் வீட்டில் எழுந்த பேச்சில் பாதி, காப்பீடு பற்றிய அறியாமையே.

சட்டம் தெரிந்தவர்கள் ஒரு மறுப்பை முன்வைப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு வற்புறுத்தப்படலாகாது என்பது அரசியலமைப்பின் 20(3) தரும் உரிமை. உண்மை. அது மதிக்கத்தக்க உரிமை. அதைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்டபின்பே எதையும் செய்ய வேண்டும் என்றுதான் நாமும் சொல்வோம். ஆனால் வாய்திறவாமல் இருக்கும் உரிமை வேறு, பதிவை அழிப்பது வேறு. சான்றாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது சன்ஹிதாவின் 241ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். மேலும் நாங்கள் ஏற்கெனவே வாய் திறந்துவிட்டோம். பிழையாகச் சொல்லியும் விட்டோம். சொன்னதைத் திருத்தாமல் விடுவதற்கு அந்த உரிமை துணை வராது.

இனி வாங்குவோருக்குச் சில சொற்கள். கடைக்காரர் முதலில் காட்டுவது 4கே என்ற எழுத்தைத்தான். நாம் முதலில் கேட்க வேண்டியது வெப்பத்தைப் பற்றி. சித்திரை வெயிலில் பள்ளிவாசல் வாசலில் நிறுத்திய காருக்குள் கை வைக்க முடியாத சூடு. லித்தியம் பேட்டரி உள்ள கருவிகள் அந்தச் சூட்டில் உப்பிப் போகும். சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளவை தாங்கும். மெமரி கார்டும் அப்படித்தான். டேஷ்கேம் ஒரே அட்டையில் பழையதை அழித்து அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருப்பதால், கைப்பேசிக்கு வாங்கும் சாதாரண அட்டை சில மாதங்களில் ஓசையின்றிச் செத்துவிடும். கருவியின் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உள்ளே ஒன்றும் பதிவாகியிருக்காது. அதிகத் தாங்குதிறன் உள்ளது என்று குறிப்பிட்டு விற்கப்படும் அட்டையை வாங்கி, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, ஃபார்மட் செய்ய வேண்டும்.

பொருத்துவதில் அவசரம் கூடாது. முன்கண்ணாடியில், பின்னோக்குக் கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள், ஓட்டுநரின் பார்வையை மறைக்காத இடமே உரிய இடம். கம்பியை மேற்கூரையின் விளிம்புக்குள் செருகி, கதவோரத் தூண் வழியாக இறக்குவார்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் அந்தத் தூணுக்குள்ளும் ஏர்பேக் மடிந்திருக்கும். கம்பி அதன் முன்னால் ஓடினால், விரிய வேண்டிய நேரத்தில் அது தடையாகும். பின்னால்தான் ஓட வேண்டும். இது தெரியாதவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். நிறுத்தியிருக்கும்போதும் பதிவாக வேண்டும் என்பவர்கள் ஃபியூஸ் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். அதற்கு மின்னழுத்தம் குறைந்தால் தானே துண்டிக்கும் இணைப்பு அவசியம். இல்லையேல் ஃபஜ்ருக்குக் கிளம்பும்போது கார் பேட்டரி தீர்ந்திருக்கும். காரின் சொந்தக் கம்பியைத் தோலுரித்து இணைக்க விடவே கூடாது.

இவ்வளவும் செய்த பின்னும் கருவியை முழுமையாக நம்பிவிடக் கூடாது. அகன்ற கோண லென்ஸ் எதிரே இருப்பதை உள்ளதைவிடத் தொலைவில் காட்டும். ‘இவ்வளவு தூரத்தில் வந்தவரைப் பார்க்கவில்லையா?’ என்று பதிவைப் பார்ப்பவர் கேட்பதும் சில நேரம் அநியாயமே. இரவில் எதிர்வண்டியின் எண் பலகை வெள்ளைத் திட்டாகத்தான் விழும். எண்ணைப் பார்த்தவுடன் வாய்விட்டுச் சொன்னால் ஒலியிலாவது பதிவாகும்.

அந்த ஒலியைப் பற்றி வீடுகளில் தயக்கம் உண்டு. காருக்குள் பேசுவது குடும்பப் பேச்சு. பாதிக்குமேல் பிறரைப் பற்றிய பேச்சு. ஒரு மணி நேரப் பயணத்தில் எத்தனை பேரைப் பற்றிப் புறம் பேசினோம் என்பதைக் கேட்டுப் பார்க்கும் துணிவு நமக்கு இல்லை. ஆயினும் ஒலியை அணைக்க வேண்டாம் என்பதே எம் எண்ணம். எங்கள் நிகழ்வில் பாதி உண்மை அதில்தான் இருந்தது. ஏறும் விருந்தினரிடம் ‘இதில் பேச்சும் பதிவாகும்’ என்று சொல்லிவிடுவது நம் கடமை.

இன்னொன்றையும் சில பெரியவர்கள் கேட்கிறார்கள்: இது பிறரைத் துருவி ஆராய்வதாகாதா? அல்ஹுஜுராத் அதைத் தடுத்திருக்கிறதே (49:12). பொதுச்சாலையில் கண்முன் நடப்பது கருவியில் விழுவதைத் துருவுதல் என்று நாம் கருதவில்லை. ஆனால் அதை எடுத்து, யாரோ ஒரு பெண் ஸ்கூட்டரில் தடுமாறி விழுவதை, யாரோ ஒருவர் சிக்னலில் தவறிழைப்பதை, முகமும் வண்டி எண்ணும் தெரிய உறவினர் குழுக்களில் அனுப்பிச் சிரிக்கிறோமே, அதற்கு என்ன பெயர்? காவல் துறைக்கும் நீதிமன்றத்திற்கும் காப்பீட்டு நிறுவனத்திற்கும் உரிய பதிவு, அமானிதம். அது வேறெங்கும் போக வேண்டியதில்லை. வளைகுடாவில் கார் ஓட்டும் நம் பிள்ளைகளுக்கு இது வெறும் ஒழுக்கப் பேச்சும் அன்று: ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவர்களின் படத்தை அவர்களின் அனுமதியின்றி வெளியிடுவது சிறைக்கும் அபராதத்திற்கும் உரிய குற்றம்.

மறுநாள் காலை மச்சான்தான் முதலில் எழுந்து உடுத்தி நின்றார். வழக்கறிஞரிடம் சென்றோம். அவர் முதலில் சொன்னது, கார்டை மறுபடியும் கருவியில் போடாதீர்கள் என்பதே. போட்டு ஓட்டினால் பழையதன்மேல் புதியது எழுதப்படும். நகல் எடுத்துக் கொடுத்தால் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் வேண்டும்; மூலத்தையே உரியவர் கொண்டுவந்து நிரூபித்தால் சான்றிதழ் வேண்டியதில்லை என்பதைப் பழைய சட்டத்தின்கீழ் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது என்றும் விளக்கினார். கார்டையே கொடுப்பது என்று முடிவாயிற்று. காவல் நிலையத்தில் மகஜர் எழுதிப் பெற்றுக்கொண்டார்கள். நால்வரும் முந்தைய வாக்குமூலத்தைத் திருத்திச் சொன்னோம். வாப்பாவுக்கு அதுதான் மிகக் கடினமாக இருந்தது. எழுபது வயதில், ‘நான் பார்த்ததாகச் சொன்னது தவறு’ என்று அந்நியர் முன் சொல்ல வேண்டியிருந்தது.

பதிவைப் பார்த்த அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். விபத்து நடந்தது இரவு 7:10க்கு, படத்திலும் இருட்டு. திரையில் ஏன் பிற்பகல் 1:40 என்று இருக்கிறது? எங்களுக்கும் உடனே விளங்கவில்லை. கருவி ஜிபிஎஸ் வழியாக நேரத்தைப் பெறுகிறது. வாங்கிய நாளில் நாட்டைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதால் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியே ஆறு மாதமாக ஓடியிருக்கிறது. அதையும் வாக்குமூலத்தில் எழுதிச் சேர்க்க வேண்டியதாயிற்று.

வழக்கு இன்னும் நடக்கிறது. அந்தத் தம்பி ஊன்றுகோலின்றி நடக்கத் தொடங்கிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். கார்டு திரும்பி வரவில்லை. புதிய கார்டு வாங்கிய அன்று மச்சானே அதைக் கருவியில் செருகி, அமைப்புகளுக்குள் சென்று, நேரத்தை +5:30 என்று மாற்றினார். பிறகு தன் கைப்பேசியை ஒலியடக்கி ராத்தாவின் பைக்குள் போட்டுவிட்டுக் காரை எடுத்தார்.